வாசலில் நின்று ‘போறோம்’ என்ற மாப்பிள்ளை

மஞ்சக்குப்பம், கடலூர்
16.6.2009

மரியாதைக்குரிய மச்சான் சுப்பராயலு அவர்களுக்கு,

மணவாளன் வணக்கம் சொல்லி எழுதுவது. உங்களுக்குக் காய்ச்சல் விட்டதா, அக்கா கஷாயம் வைத்துக் கொடுத்தார்களா என்று அறிய ஆவல். இங்கே உங்கள் தங்கை என்னோடு பேசி இரண்டு நாளாகிறது. அது நீங்கலாக எல்லோரும் சுகம்.

ஞாயிற்றுக்கிழமை நம் இசைவாணியைப் பெண் பார்க்க வந்தார்களே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீங்கள் பாதியிலேயே கத்த ஆரம்பித்துவிடுவீர்கள். கடிதத்தில் கடைசி வரைக்கும் நான் ஒருவனே பேசலாம்.

மாப்பிள்ளை செம்பியனுக்குப் பூனாவில் வேலை, எந்நேரமும் இங்கிலீஷ்தான் என்று நீங்கள் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. மாமனார் ஆகப்போகிறவன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நன்றாகவா இருக்கும்? அதனால் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் நடக்கும் இங்கிலீஷ் வகுப்பில் ஒரு மாதம் சேர்ந்து படித்தேன். டீச்சர் ஜான்சிக்கு நம் பெண் வயதுதான் இருக்கும், பொறுமைசாலி. “சார், இங்கிலீஷ்ல எந்த வினையோட எந்தச் சொல்லு சேருதோ, அதுதான் ஜோடி. ஏன்னு கேக்காதீங்க, அப்படியே மனப்பாடம் பண்ணுங்க” என்று கரும்பலகையில் எழுதிப் போட்டாள். பால் கெட்டால் ‘கோ பேட்’, புத்தி கெட்டால் ‘கோ மேட்’, காரியம் கெட்டால் ‘கோ ராங்’. அதுவே கனவு பலித்தால் மட்டும் ‘கம் ட்ரூ’. எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. எழுந்து நின்று, “கெட்டதெல்லாம் போகுது, நல்லது மட்டும் வருது. அதுக்குத்தாம்மா நாங்க கிளம்பும்போது போறேன்னு சொல்லாம வர்றேன்னு சொல்றோம். வெள்ளைக்காரனுக்கும் இது தெரிஞ்சிருக்கு பாரேன்!” என்றேன். வகுப்பே கைதட்டியது. கைதட்டல் வாங்கியவனுக்கு அதற்கப்புறம் புத்தி நேராக நிற்குமா?

ஞாயிறன்று அவர்கள் வந்தார்கள், கேசரி சாப்பிட்டார்கள். நான் மாப்பிள்ளையிடம் மூன்று தடவை ‘ஃபீல் ஃப்ரீ’ என்றேன். அவர் மூன்று தடவையும், “நல்லாருக்குங்க மாமா, இன்னும் கொஞ்சம் வைங்க” என்று தமிழிலேயே சொன்னார். உங்கள் தங்கை நடுவில் ஏதோ சொல்ல வாயெடுக்க, நான் பெருமையாக ‘கீப் குவைட்’ என்றுவிட்டேன். அன்றிலிருந்து அவள் அதை அப்படியே கடைப்பிடிக்கிறாள்.

இதெல்லாம் பெரிதில்லை மச்சான். கிளம்பும்போது வாசலில் நின்று மாப்பிள்ளை, “சரிங்க, அப்ப நாங்க போறோம்” என்றார். அவருடைய அம்மா பதறி, “வர்றோம்னு சொல்லுடா” என்று முழங்கையால் இடித்தார்கள். அவரோ சிரித்துக்கொண்டே, “போறதுதானம்மா போறோம்?” என்றார். நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் இப்படியா சொல்வார்கள்? தமிழிலும் ஆகாது, இங்கிலீஷிலும் ஆகாது.

நேற்று அவருடைய அப்பா ராஜாமணி போன் செய்து, தங்களுக்குப் பூரண சம்மதம், வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் பதிலைச் சொல்லுங்கள் என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. நீங்கள் பக்குவமாகப் பேசி, ஜாதகத்தில் ஏதோ சரியில்லை என்று சொல்லி முடித்துவிடுங்கள். இருபத்தேழு வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு இவனுக்கு ஏன் இந்த வேலை என்று நீங்கள் திட்டுவீர்கள். திட்டுங்கள். ஒரே பெண், எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படித்து நீண்ட ஆயுளோடு இருக்க தில்லை நடராசர் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
மணவாளன்

பி.கு.: உறையில் போடும் முன் கடிதத்தை இசைவாணி வாங்கிப் படித்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவள் அல்லவா, விரலை மடக்கிக்கொண்டே கேட்டாள். “இதுக்கு முன்னாடி அஞ்சு வீட்டுக்காரங்க என்னைப் பாத்துட்டுப் போனாங்களேப்பா. அஞ்சு பேருமே ‘போயிட்டு வர்றோம்’னுதானே சொன்னாங்க? யாராவது வந்தாங்களா?” அப்புறம் அவளே, “இவரு ஒருத்தருதான்பா சொன்னதைச் செஞ்சிருக்காரு. எனக்கு அவரைப் புடிச்சிருக்கு” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த ஐந்து தடவையும் என் பெண் வாசலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள் மச்சான். அது தெரியாமல் நான் இருந்திருக்கிறேன். மேலே எழுதியது அத்தனையையும் மறந்துவிடுங்கள். இது கைக்குக் கிடைத்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு ராஜாமணி வீட்டுக்குப் போய், எங்களுக்குச் சம்மதம் என்று சொல்லிவிடுங்கள். ஜாதகத்தைப் பற்றி மட்டும் தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள்.