பூட்டுக்காரருக்குக் காய்ச்சல்

"சார், பிரிண்டர் மறுபடியும் நின்னுடுச்சு. வெளியே முப்பது பேர் ரிப்போர்ட்டுக்காக நிக்கிறாங்க."

போர்வைக்குள்ளிருந்தே போனில் முனகினார் பூட்டுக்காரர். ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் கம்ப்யூட்டர் நிர்வாகிக்கு ஊழியர்கள் வைத்த பெயர் அது. அங்கே லினக்ஸ் சர்வரில் எதைத் தொட்டாலும் அவர் அனுமதி வேண்டும். பதினோரு வருடமாக யாருக்கும் தந்ததில்லை. தந்தால் தன் சீட்டு கிழிந்துவிடும் என்ற பயம். மூன்று பேர் இருந்த பிரிவில் மிச்சம் அவர் ஒருவர்தான்.

"போன மாசம் அனுமதியில்லாம ஏதோ பண்ணப் பாத்தே. எனக்குப் புகார் வந்துச்சு. மன்னிச்சு விட்டேன், ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார்" என்றாள் ரிப்போர்ட் கிளார்க்.

"சரி. பிரிண்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ண மட்டும் அனுமதி தரேன். மொதல்ல அதைப் பழகு."

பத்து நிமிடத்தில் மறுபடி போன்.

"நேத்து ரிப்போர்ட்டெல்லாம் திரும்ப வருது சார்!"

அழிக்கவும் அனுமதி தந்தார். இன்றைய ரிப்போர்ட்டும் சேர்ந்து அழிந்தது. கூட்டம் கத்துவது போனிலேயே கேட்டது.

"செட்டிங்ஸ் ஃபைல்ல ஒரு வரி மாத்தணும். ஃபைலைத் திருத்துற எடிட்டருக்கும் அனுமதி தரேன். நான் சொல்றதை மட்டும் அடி."

எடிட்டரைத் தந்தால் எந்த ஃபைலையும், அனுமதிப் பட்டியலைக்கூட, திறந்து திருத்தலாம் என்பது நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலில் அவருக்கு மறந்துபோனது. வாசலில் காவல் இருந்துகொண்டு கொல்லைக் கதவைத் திறந்துவிட்டார்.

பிரிண்டர் ஓடியது. அதன்பிறகு போனே வரவில்லை. தந்ததையெல்லாம் பிடுங்கிவிட, மாலையில் தள்ளாடி எழுந்து லேப்டாப் முன் உட்கார்ந்தார்.

'அனுமதிப் பட்டியலில் உங்கள் பெயர் இல்லை. இச்சம்பவம் புகார் செய்யப்படும்' என்றது திரை.

மற்றவர்கள் பார்த்து நடுங்க, அவர் ரசித்த வாசகம். இப்போது அவரே அவசரமாகப் போன் போட்டார்.

"என் பேரை யாரும்மா எடுத்தது?"

"நான்தான் சார். வராதவங்க பேரை சாயங்காலம் லிஸ்ட்ல அடிச்சிடறது நம்ம ஆபீஸ் வழக்கம்தானே? நீங்க மூணு நாளா வரலியே. புகார் வந்து சேரவும் ஒரு ஆள் வேணும்னு என் பேரைப் போட்டுட்டேன்."

"உடனே என் பேரைத் திருப்பிப் போடு!"

"இப்பதான் சார் உங்க மேல ஒரு புகார் வந்துச்சு. மன்னிச்சு விட்டுட்டேன். மேனேஜரையும் கேட்டேன். 'பிரிண்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ண மட்டும் அவருக்கு அனுமதி குடு, மொதல்ல அதைப் பழகட்டும்'னுட்டார்."