நேரில் வந்து ஊரில் இல்லை என்றவர்

பனியன் கம்பெனி முதலாளி வெளிநாடு போனால் லேப்டாப் இல்லாமல் போகக் கூடாது என்பது, இரண்டாயிரத்து ஆறு வாக்கில் திருப்பூரில் ஏற்பட்ட ஒழுக்கம். அனுப்பர்பாளையம் கிட்டுசாமி ஒழுக்கம் தவறாதவர். லேப்டாப்பையும், செருகினால் உலகத்தில் எங்கேயும் இன்டர்நெட் வரும் என்று விற்ற ஒரு கார்டையும் வாங்கிக்கொண்டு ஜெர்மனியில் போய் இறங்கினார்.

செருகினார். வரவில்லை. ஓட்டல் இன்டர்நெட்டுக்கு வங்கி அட்டை கேட்டார்கள். இவரிடம் இருந்ததெல்லாம் ரொக்கம்.

இரண்டு லட்சம் டி-சர்ட்டுக்கான அளவுப் பட்டியல் லேப்டாப்புக்குள் இருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் மெயிலில் போகாவிட்டால் ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விடும். ஆர்டர் தரும் ஜெர்மன்கார அம்மாவின் ஆபீஸ் ஓட்டலுக்கு அடுத்த தெருதான். கிட்டுசாமி லேப்டாப்பைத் தூக்கிப் போய் அவர் மேஜையிலேயே திறந்து வைத்தார். அந்த அம்மா ஒவ்வொரு அளவாகப் பார்த்து, மிகவும் திருப்தி, மெயிலில் அனுப்பிவிடுங்கள் என்றார்.

கிட்டுசாமி ஊரில் இருந்த தன் மேனேஜர் தரணிக்குப் போன் போட்டார். தரணி, கார்டு விற்றவர்களின் திருப்பூர் ஆபீசுக்கு ஓடிவிட்டுத் திரும்பக் கூப்பிட்டான்.

"வெளிநாட்டுக்குத் தனி ஃபாரமாமுங்க. 'நான் தற்சமயம் இந்தியாவில் இல்லை'ன்னு ஆபீசர் முன்னால கையெழுத்துப் போடோணுமாமுங்க."

"நீயே போட்டுடு கண்ணு."

"கேட்டனுங்க. நேர்ல வராத ஆளு வெளிநாட்டுல இருக்கறாருன்னு எப்படி நம்பறதுங்கறாருங்க."

கிட்டுசாமிக்கு அது நியாயமாகத்தான் பட்டது. புதன்கிழமை விமானம் பிடித்து ஊர் வந்து, நேராக ஆபீசர் முன்னால் போய் நின்றார்.

"தாங்கள் இப்போது எங்கே இருக்கிறீர்கள்?"

"ஜெர்மனிலீங்க."

"ஆதாரம்?"

பாஸ்போர்ட்டை நீட்டினார். ஆபீசர் ஜெர்மனி முத்திரையைப் பார்த்தார். பக்கத்திலேயே இன்னொன்று இருந்தது.

"இது?"

"இன்னிக்குக் காத்தால இங்க வந்து எறங்குனதுங்க."

"அது இந்த விண்ணப்பத்துக்குச் சம்பந்தமில்லாதது" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

வீட்டில் பூவாத்தாள் சோறு போட்டுக்கொண்டே புருஷனைக் கேட்டாள். "லேப்டாப்பு கையிலதான இருக்குதுங்க? நம்ம கம்பெனி இன்டர்நெட்டுலயே அனுப்பிப் போடலாமில்லீங்க?"

"அனுப்பலாம். அப்புறம் நான் ஜெர்மனில இருக்கறேன்னு கையெழுத்துப் போட்டது பொய்யாயிருமல்ல?"

வியாழக்கிழமை மறுபடி விமானம். வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு, அடுத்த தெருவுக்கு மெயில் போய்ச் சேர்ந்தது. ஆர்டரும் கிடைத்தது.

ஊர் திரும்பியதும் முதலாளிமார் கூட்டத்தில் இதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். சிரிப்பார்களோ என்று உள்ளுக்குள் பயம். யாரும் சிரிக்கவில்லை. நாலைந்து பேர் பேனாவை எடுத்தார்கள்.

"கையெழுத்துப் போட்டுட்டுப் போறதுக்கு எந்த பிளைட்டுங்க சௌரியம்?"