ஒரே நேரத்தில் இருவருக்கு மேல் பேசலாகாது

ஹார்னசான்ட்,
பிப்ரவரி, வியாழக்கிழமை.

மதிப்பிற்குரிய மைத்துனர் ஹென்னிங் அவர்களுக்கு,

தாங்களும் என் தங்கை அஸ்ட்ரியும் மலைவீட்டில் நலமாகப் பனிச்சறுக்கு விளையாடிக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். முயன்றேன். இரண்டு இணைப்புகளும் உபயோகத்தில் இருப்பதாக ஒரு பெண்குரல் மிகுந்த பணிவோடு அறிவித்தது. நிறுவன விஷயத்தைச் சொந்தத் தொலைபேசியில் பேசும் வழக்கம் எனக்கில்லை. ஆகவே கடிதம்.

இலையுதிர்காலத்தில் எவனோ ஒரு திருடன் நம் கணப்படுப்பு நிறுவனத்துத் தொலைபேசி அமைப்புக்குள் புகுந்து, உலகத்தின் மறுகோடித் தீவுகளையெல்லாம் நம் செலவில் ஒரே சமயத்தில் அழைத்துத் தள்ளினான் என்பதை நான் மறக்கவில்லை. அதற்காக, விடுமுறைக்குக் கிளம்பும் அன்று, வெளியே செல்லும் அழைப்புகள் ஒரே நேரத்தில் இரண்டுக்கு மேல் கூடாது என்று பூட்டிவிட்டுக் கடவுச்சொல்லையும் கையோடு கொண்டுபோனீர்களே, அது கோழி திருடு போனதற்கு வீட்டுக்காரன் கையைக் கட்டிய கதை. நாம்தான் எதையும் காப்பி வேளையில் கூடிப் பேசி, ஒருவரும் முகம் சுளிக்காதபடி முடிவெடுப்பவர்கள் ஆயிற்றே, கூடினோம். கணக்குப் பார்க்கும் பெரிட், மூடிவிட்ட ரொட்டிக்கடை ஒன்றிலிருந்து வரிசைச்சீட்டு இயந்திரத்தைக் கொண்டுவந்து சுவரில் மாட்டினார். சீட்டைக் கிழித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். முறை வந்தால் பேசலாம். நியாயமான ஏற்பாடு. ஒரே குறை, பேசுகிறவர்கள் யாரும் முடிப்பதில்லை. வைத்தால் இணைப்புப் பறிபோகும் என்பதால், காப்பீட்டுக்காரர்களின் காத்திருப்பு இசையைப் பெரிட் காலை முதல் மேசைமேல் ஓடவிட்டிருக்கிறார். சரக்கு ஏற்றி அனுப்பும் ரோலண்ட் தன் அக்காவை அழைத்து, பேச்சு தீர்ந்த பின்பும் துண்டிக்காமல் இடம் பிடித்து வைத்திருக்கிறார். அந்த அம்மாள் பாத்திரம் கழுவுவது அலுவலகம் முழுவதும் கேட்கிறது.

"பெரிட், அங்க யாருமே பேசலையே, வெச்சுடுங்களேன்" என்றேன்.

"வெச்சா போச்சு, தோர்ஸ்டன். அப்புறம் நீங்களா வாங்கித் தருவீங்க? பாட்டு நல்லாத்தான் இருக்கு, உக்காந்து கேளுங்க."

ரோலண்ட் சும்மா இருப்பாரா? "அண்ணனுக்கு வியாழக்கிழமை வந்தாலே இருப்புக் கொள்ளாது. ஓடு வாங்கவா போன் பண்றீரு? பாக்கெட்ல சொந்தப் போன் இருக்குல்ல, அதுல அடிக்கிறது!"

எனக்கு ஐம்பத்தாறு வயது. உப்சாலாவில் பட்டம் பெற்றவன். கையிலிருந்த சீட்டின் எண்ணை மறுபடி படிப்பதுபோல் பாவனை செய்தேன். தங்களுக்காவது விளக்குகிறேன்.

காட்லண்டுத் தீவில், நம் கணப்படுப்புகளுக்குப் பீங்கான் ஓடு சுடும் பட்டறையில், சிக்னே என்றொருவர் ஆர்டர்களைக் குறித்துக்கொள்கிறார். ஓர் அடுப்புக்கான ஓடுகளை ஒரே அழைப்பில் சொல்லி முடித்துவிடலாம்தான். நான் அடிவரிசையை ஒரு வியாழன், நடுவரிசையை ஒரு வியாழன், உச்சிவரிசையை ஒரு வியாழன் என்று சொல்கிறேன். அங்கே எப்போதும் கடற்காற்று இரையும். சன்னலைச் சாத்தச் சொல்வேன், சாத்துவார். சாத்திய சத்தத்துக்கும் அவருடைய அடுத்த சொல்லுக்கும் நடுவே ஒரு சிறு அமைதி வரும். அதற்காக நான் வியாழக்கிழமைகளில் கவனமாகச் சவரம் செய்துகொள்கிறேன். நிறுவனத்தின் இணைப்பில் அழைத்தால் அது ஓடு விசாரிப்பது. என் பையிலிருக்கும் தொலைபேசியில் அழைத்தால் அது ஓர் ஆண்மகன் ஒரு பெண்மணியை அழைப்பது. இவ்விரண்டுக்கும் நடுவில் இருப்பது பால்டிக் கடலைவிட அகலம், ஹென்னிங்.

கடைசியாகப் பேசியபோது அவர் கேட்டார்: "கோடையில இந்தப் பக்கமெல்லாம் வர்றதுண்டா நீங்க?" அதிர்ச்சியில், "அடுத்த வியாழன் சொல்றேனே" என்றேன். அடுத்த வியாழனுக்குள் தாங்கள் பூட்டிவிட்டீர்கள். அதன்பின் வந்த வியாழன்களில் நான் கையில் சீட்டோடு அந்தப் பாத்திரம் கழுவும் ஓசையைக் கேட்டபடி உட்கார்ந்திருக்கிறேன். அவர் என் மௌனத்தை விடையாக எடுத்துக்கொண்டிருப்பார். ஆகவே இக்கடிதம் கண்டதும் வரம்பை நீக்கவும். தவறினால் என் ராஜினாமாவை ஏற்கவும்.

தங்கைக்கு என் அன்பு. சறுக்குப்பாதை தங்களுக்கு நீண்டு கிடக்கட்டும். தாங்கள் விழுமிடத்தில் பனி மெத்தென்று இருக்கட்டும்.

தங்கள் உண்மையுள்ள,
தோர்ஸ்டன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் என் மேசைத் தொலைபேசி மணியடித்தது. உள்ளே வரும் அழைப்புகளுக்குத் தாங்கள் வரம்பு போடவில்லை போலும். "என்னங்க, உங்க ஊர்ல குளிரே விட்டுப்போச்சா? அடுப்பே வேணாமா யாருக்கும்?" என்றார் சிக்னே. இத்தனை ஆண்டுகளில் அவராக அழைத்தது இதுவே முதல் முறை; அவருக்கு அழைக்க இடமே கொடாமல் நானே அழைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஓடு பற்றி இருவருமே பேசவில்லை. ராஜினாமாவைப் பொருட்படுத்த வேண்டாம். ஜூலை முழுவதும் விடுப்புத் தந்தால் போதும். வரம்பு அப்படியே இருக்கட்டும். இரண்டை ஒன்றாகக் குறைத்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.