எக்ஸ்ரேயில் விரல்கள் நன்றாகத்தான் இருந்தன

டாக்டர்கள் எழுதும் நினைவுகளில் ஒரு சௌகரியம் உண்டு. பிழைத்தவர்கள் மட்டும்தான் வரிசையாக வந்து கும்பிடுவார்கள். எனக்கு நடக்கும் பாராட்டுக் கூட்டங்களிலும் இதே கதைதான். டாக்டர் எட்டிப் பார்க்காத மலைக் கிராமங்களிலும் ஆப்பிரிக்க ஊர்களிலும் விபத்தில் நசுங்கிய கைகளை மீட்டவர் என்பார்கள். நான் கெடுத்த கையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. (நான் சொன்னால்தானே தெரியும்?)

1972-இல் சென்னையின் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நான் ஹவுஸ் சர்ஜன். ஸ்டெதாஸ்கோப்பைப் பஸ்ஸில்கூடக் கழற்றாத அளவுக்குத் தலைக்கனம்.

ஒரு சாயங்காலம், மயிலாப்பூர் மாட வீதியில் மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்தில் ஸ்கூட்டர் தட்டி விழுந்த ஒருவரைக் கொண்டுவந்தார்கள். மண்டையில் காயம், அரை மயக்கம். கொண்டுவந்தவர்கள் கல்யாண வேலை கிடக்கிறதென்று உடனே ஓடிவிட்டார்கள். தலைக்குத் தையல் போட்டுவிட்டு வலது கையைப் பார்த்தேன். நான்கு விரல்களிலும் கல் மாதிரி கெட்டியான வெள்ளைக் கட்டு!

"பார்த்தியா முனுசாமி, நாலு விரலும் முறிஞ்சிருக்கு. எவனோ நாட்டு வைத்தியன் கட்டியிருக்கான்" என்றேன், அட்டெண்டர் முனுசாமியிடம்.

"இன்னா சார் அவசரம்? கண்ணு முழிக்கட்டும், அவரையே கேட்டுக்கலாம்."

கேட்பதா? நானா? முறிந்த விரலை இழுக்கக் கூடாது என்று புத்தகத்தில் படித்திருந்தேன். அதனால் உருவிக்கூடப் பார்க்காமல், கத்தரியை எடுத்து நான்கு கட்டுகளையும் நறுக்கினேன். எக்ஸ்ரே வந்தது. நான்கு விரலும் அம்சமாக இருந்தன.

அதற்குள் அவர் கண் விழித்தார். தலையைத் தொட்டுப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தார்.

"கூடு எங்கேங்க?"

தவுல்காரர்கள் வலது கை விரல்களில் மாட்டிக்கொள்ளும் கூடு அது. துணியைப் பசையில் தோய்த்து, சுற்றிச் சுற்றிக் காயவைத்துச் செய்வது. சாந்தோமில் கிறிஸ்தவப் பள்ளி வாத்தியார் வீட்டில் பிறந்தவன் நான். எங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கு பேண்டு வாத்தியம்தான். அதற்காக இப்படியா? மயிலாப்பூர்க் கோவிலுக்குப் பத்து நிமிட நடையில் இருபத்து மூன்று வருஷம் தவுலைக் காதால் கேட்டவன், ஒருநாள்கூட வாசிப்பவர் விரலைப் பார்த்ததில்லை.

முனுசாமி தட்டில் துண்டுகளைக் கொண்டுவந்தார். தவுல்காரர் ஒவ்வொன்றாகத் தன் விரலில் பொருத்திப் பார்த்தார்.

"ஒரு வாரம் காயவெச்சதுங்க. அடுத்தவங்க கூடு எனக்குச் சேராது. நாளைக் காலையில முகூர்த்தத்துக்கு எங்க ஊர்ப் பக்கத்துப் பெரிய நாகஸ்வர வித்வான் வர்றார். அவர் பக்கத்துல உட்கார்ந்து வாசிக்க எட்டு வருஷமாக் காத்திருந்தேன். வாசிப்பு பிடிச்சா கூடவே வெச்சுக்கறேன்னு சொல்லியிருந்தார்."

தலைக் காயம் லேசுதான், காலையில் போகலாம் என்று சீனியர் டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஆக, அவர் வாசிப்பைக் கெடுத்தது ஸ்கூட்டர் அல்ல, நான்.

அப்போதாவது மன்னிப்புக் கேட்டேனா? "விரல் எல்லாம் நல்லா இருக்கு, எலும்பு முறிவே இல்லை!" என்று நானே அந்த எலும்புகளைச் செய்து கொடுத்த மாதிரிச் சொன்னேன்.

"அது எனக்குத் தெரியும் தம்பி" என்றார். துண்டுகளை மேல்துண்டில் முடிந்துகொண்டு, காலையில் போய்விட்டார். நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

ஒரு வாரம் கழித்துக் கல்யாண வீட்டைத் தேடிப்பிடித்து விசாரித்தேன். வித்வானுக்கு வேறொருவர் வாசித்தாராம். பிடித்துப்போய் அவரையே கூட அழைத்துக்கொண்டு போய்விட்டாராம். நம்மவர் எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு, கை நசுங்கி யார் வந்தாலும் என் முதல் கேள்வி "என்ன தொழில் பண்றீங்க?" என்பதுதான். பாஷை தெரியாத நாடுகளிலும் அந்த ஒரு வாக்கியத்தை முதலில் கற்றுக்கொண்டேன். இதை என் மாணவர்கள் பெரிய ஞானம் என்று நினைக்கிறார்கள்.

வீட்டில் மட்டும் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன், அங்கே அப்படி ஏமாற மாட்டார்கள். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் என் மகள் நேரே மேளக்காரர்களிடம் போய், "அண்ணே, எங்கப்பா வர்றார், கையை ஒளிச்சு வெச்சுக்குங்க" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே தவுல்காரரின் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வேன். இதுவரை அவராக இருந்ததில்லை.