உன் அக்காவும் மூன்று செட் அப்சோர்பரும்

தாமான் செரி மெலோர்,
தைப்பிங்.

அன்பும் பொறுமையும் மிக்க மைத்துனன் சுல்ஹில்மிக்கு, மச்சான் டாருஸ் ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கு நானும் உன் அக்கா ரொஹானாவும் பூனையும் அல்லாஹ்வின் அருளால் சுகம். ஜொகூரில் நீயும் உன் வீட்டாரும் அவ்வாறே இருக்க துஆ செய்கிறோம். மழை வழக்கம்போல் பெய்கிறது. கார் மட்டும் சுகமில்லை. இதை ஃபோனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் நீ சிரித்துவிடுகிறாய். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது நீ எனக்கு விற்றாயே, அந்தச் சிவப்பு இரண்டு கதவு வண்டி, அதன் இன்ஜினில் ஒரு குறையும் கிடையாது, நின்ற இடத்தில் உறுமினாலே பக்கத்து வீட்டுக் கோழி ஓடுகிறது. உன் அக்காவை அதில் கேமரன் மலைக்கு நானே ஓட்டிப்போகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்ததும் உனக்குத் தெரியும். புறப்படலாம் என்று இருக்கையில் குலுக்கலை அடக்குகிற பின்பக்க அப்சோர்பரில் எண்ணெய் ஒழுகியது. உன்னைக் கேட்டேன். "வெறும் அப்சோர்பர்தானே மச்சான், நல்லதாப் பாத்துப் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிட்டாய். அந்த 'நல்லதா' என்கிற ஒரு வார்த்தைதான் என்னை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது. எது நல்லது என்று தே தாரிக் டீக்கடையில் வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.

அங்கேதான் முத்தலிப் உட்கார்ந்திருப்பான். போக்குவரத்துப் போலீசில் சார்ஜெண்டாக இருந்தவன், பந்தயம் ஓட்டிய பையன்களை நிறையப் பிடித்தவன், அதனால் பந்தயக் கார் பற்றி எல்லாம் தெரியும் என்று அவனே சொல்கிறான். "ஸ்போர்ட்ஸ் கார்னா அப்சோர்பர் கல்லு மாதிரி இருக்கணும் டாருஸ். ரோட்ல ஒரு காசு கிடந்தா, அது தலையா பூவான்னு உன் முதுகுக்குத் தெரியணும்" என்றான். பட்டறைக்காரன் கெங் ஹூயிடம் போய்க் கல்லு மாதிரி போடலாமா என்றேன். "போடலாம் பாஸ்" என்றான். உயரத்தைத் திருகிக் குறைக்கிற வகையாமே, அது போடலாமா என்றேன். "போடலாம் பாஸ்." வண்டியைத் தரையோடு தரையாக இறக்கலாமா என்றேன். அதற்கும் அதையேதான் சொன்னான். பார்க்க ரொம்ப அழகாக இருந்தது தம்பி, அதை மட்டும் மறுக்க மாட்டேன்.

இப்போது ஒரு விஷயத்தை நினைவுபடுத்த வேண்டும். நான் குடியிருப்போர் சங்கத் தலைவர். பையன்கள் மோட்டார் சைக்கிளில் பறக்கிறார்கள் என்று சொல்லி, எங்கள் தாமான் குடியிருப்பில் தெருவுக்குத் தெரு வேகத்தடை போடவைத்தவன் நான்தான். காண்டிராக்டர் போட்டது போதாது என்று அடிக்கோலோடு நின்று இன்னும் உயர்த்தவைத்ததும் நான்தான். எங்கள் வீட்டு முனையில் இருப்பதற்கு ஜனங்கள் 'புக்கிட் டாருஸ்' என்றே பேர் வைத்திருக்கிறார்கள். அதை மலை என்று கேலியாகச் சொல்கிறார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். இறக்கிய வண்டியை ஓட்டிக்கொண்டு வந்த அன்று அது மலைதான் என்று புரிந்தது. முன் சக்கரம் அந்தப் பக்கம், பின் சக்கரம் இந்தப் பக்கம், வயிறு புக்கிட் டாருஸின் மேல். முன்னேயும் போகவில்லை, பின்னேயும் போகவில்லை. எந்தப் பையன்களுக்காக அதைப் போட்டேனோ அவர்களே வந்து தள்ளிவிட்டார்கள். "தலைவரே, இன்னும் கொஞ்சம் உயரமாப் போட்டிருக்கலாம்" என்று ஒருவன் ரொம்ப மரியாதையாகச் சொன்னான். அடுத்த கூட்டத்தில், தடைகளின் உயரத்தைக் குறைக்கலாம் என்று பேச்சை எடுத்தேன். சபையில் எழுந்த சிரிப்பைப் பற்றி எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன்.

அதுகூடப் பரவாயில்லை. உன் அக்கா சூராவ் தொழுகைக்கூட விருந்துக்குக் குவே பலகாரத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள். ஒவ்வொரு பள்ளத்திலும் என் சொங்கோக் தொப்பி கூரையில் இடித்து இறங்கி, கடைசியில் மூக்கு வரைக்கும் வந்துவிட்டது. அவள் ஒரு கையால் தட்டையும் மறு கையால் கதவுக்கு மேலே இருக்கும் கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில், "நிறுத்துங்க" என்றாள். நிறுத்தினேன். குடையை விரித்தாள், தட்டைத் தூக்கிக்கொண்டு மழையில் நடந்தே போய்விட்டாள். நான் பின்னாலேயே மெதுவாக ஊர்ந்து போனேன். ஊரே பார்த்தது.

சரி, மெத்தென்று போடலாமா என்று கெங் ஹூயிடம் கேட்டேன். என்ன சொல்லியிருப்பான் என்று உனக்கே தெரியும். சாதாரணக் காருக்குப் போடுகிற மென்மையான அப்சோர்பரைப் போட்டான், ஆனால் கல்லு மாதிரி செட்டோடு வந்த முரட்டு ஸ்ப்ரிங்கை அப்படியே விட்டுவிட்டான். இப்போது வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கினால் அடுத்த தெருவரை ஆடிக்கொண்டே போகிறது. கெஞ்சிக் கூத்தாடி உன் அக்காவை ஏற்றினேன். இம்முறை இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். "இது கார்தானா, இல்ல பினாங்கு ஃபெர்ரியா? எனக்கு வயித்தப் பொரட்டுது" என்று சந்தை வாசலில் இறங்கினவள், திரும்பி வரும்போது முத்தலிப் வேனில் வந்தாள். என்னைக் கல்லு மாதிரி போடச் சொன்னவனின் வேன் சோபா மாதிரி இருக்கிறதாம். அன்றிலிருந்து சந்தைக்கு, சூராவுக்கு, பல் டாக்டரிடம், எல்லாம் அந்த வேனில்தான்.

கெங் ஹூயிடம் சண்டைக்குப் போனேன். "ஸ்ப்ரிங்கு துள்ளும் பாஸ், அப்சோர்பர் அடக்கும். துள்ளுறது பலசாலி, அடக்குறது நோஞ்சான்னா ஆடத்தான் செய்யும்" என்றான். முன்னாடியே சொல்லக்கூடாதாய்யா என்றேன். "போடலாமான்னுதானே கேட்டீங்க பாஸ்" என்றான்.

கடைசியாக, நீயே வந்து ஒன்றைத் தேர்ந்தெடு என்று உன் அக்காவைப் பட்டறைக்கு அழைத்தேன். முத்தலிப் வேனிலேயே வந்தாள். அங்கே நின்ற வண்டிகளின் முன்பக்கத்தை, டுரியான் பழம் பொறுக்குகிற மாதிரி, ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தாள். யாரோ ஒருவரின் பழைய நீல வண்டி ஒரு தடவை எழும்பி அப்படியே உட்கார்ந்தது, மறுபடி ஆடவில்லை. "இதுல என்ன போட்டிருக்கோ, ஸ்ப்ரிங்கோட சேர்த்து அதையே போடுங்க" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிப் போய்விட்டாள். நேற்று போட்டாகிவிட்டது. வா, ஒரு சுற்று போய்ப் பார்க்கலாம் என்றேன். "நீங்க போய்ப் பாருங்க" என்றாள்.

தம்பி, எனக்கு மனசு விட்டுப்போயிற்று. காருக்காக நான் வருத்தப்படவில்லை. இத்தனை வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் இப்போது வேன் ஜன்னல் வழியாக எனக்குக் கையசைத்துக்கொண்டு போகிறாள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அடுத்த வாரமே வந்து இந்த வண்டியை எடுத்துப் போய்விடு. நீ கொடுப்பதைக் கொடு, பேரம் பேச மாட்டேன். நானும் ஒரு வேன் வாங்கிக்கொள்கிறேன். உன் பிள்ளைகள் நன்றாகப் படித்து, ஆரோக்கியமாக வளர்ந்து, கார் பற்றித் தே தாரிக் கடையில் யாரிடமும் கேட்காதவர்களாக இருக்க இறைவன் அருள்புரிவானாக.

பிரியமுள்ள மச்சான்,
டாருஸ்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடாமல் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். துவைக்க எடுத்த உன் அக்கா படித்துவிட்டாள். ஞாயிறு காலை நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களோடு வந்து முன் சீட்டில் உட்கார்ந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "கேமரனுக்கு விடுங்க" என்றாள். புக்கிட் டாருஸில் வண்டி ஏறி இறங்கி, ஒரு தடவை எழும்பி, உட்கார்ந்தது. அவள் கையை எடுக்கவில்லை. மலை வளைவுகளில் வண்டி ரோட்டைப் பற்றிக்கொண்டு போகிறது தம்பி, கல்லு மாதிரி போட்டிருந்தபோதுகூட இப்படிப் போனதில்லை. ஏதோ ஒரு வளைவில் திரும்பிப் பார்க்கிறேன், கைப்பிடி சும்மா ஆடிக்கொண்டிருக்கிறது. உன் அக்கா இரண்டு கையாலும் பொட்டலத்தைப் பிரித்து, நெத்திலியைப் பொறுக்கி எடுத்து என் வாயில் வைத்தாள். பிறகு முன்னால் போன காய்கறி லாரியைக் காட்டி, "இன்னும் எவ்ளோ நேரம் அதும் பின்னாடியே போவீங்க" என்றாள்.

ஆகவே வண்டியை எடுக்க வராதே. சும்மா வா. ஆனால் பின்சீட்டில்தான் இடம் இருக்கிறது.