துப்புத அண்ணாச்சி

குற்றால சீசனில் நாலு தேசத்து ஒயினை வாயில் ஊற்றிவிட்டு, ஒரு சொட்டுகூட வயிற்றுக்குள் விடாமல் வீடு திரும்பிய ஒரே மனிதர் எங்கள் துப்புத அண்ணாச்சிதான். மறுக்கிறவன் எவனாக இருந்தாலும் தென்காசிக்கு வரட்டும், நான் பேசிக்கொள்கிறேன்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டோடு சரி. உல்லாசக் கப்பலில் ஒயின் பரிமாறும் வேலை பார்த்தவர். அங்கே கற்ற வித்தை இது: வாயில் வாங்கு, கொப்பளி, யோசி, துப்பு. விழுங்கினால் நாலாவது பாட்டிலில் நாக்கு பொய் சொல்லுமாம். மனைவி இறந்த பிறகு மகள் செண்பகாவோடு எங்கள் தெருவில், என் கெட்ட நேரம், எனக்கு எதிர்வீட்டில் வந்து குடியேறினார்.

கப்பல் சிநேகிதர்கள் லீவில் வரும்போது பாட்டில் கொண்டுவருவார்கள். சிலி, அர்ஜென்டினா, ஸ்பெயின், போர்ச்சுகல். எல்லாம் மலிவுச் சரக்கு. அதில்தான் அவருக்கு மரியாதை.

"ஒசந்த வெலச் சரக்க நல்லா இருக்குன்னு எந்தக் கோட்டிக்காரனும் சொல்லிருவாம்லே. சல்லிசுல நல்லதக் கண்டுபிடிக்கணும். அதுக்குத்தான் நாக்கு வேணும்."

வெயிலில் சிவப்பு ஒயின் வாயைத் திறக்காது, சாரல் விழுந்தால்தான் பேசும் என்பது அவர் சட்டம். ஆகவே ஆனி பிறந்ததும் பாட்டில்கள், கிளாஸ்கள், துப்புவதற்கு ஒரு பித்தளைப் படிக்கம் சகிதம் என் பைக்கில் ஏறிக்கொள்வார். ஐந்தருவிப் பக்கம் ஓர் அறை எடுப்போம். நான் என்ன வேலைவெட்டி இல்லாதவனா? ஸ்பேர் பார்ட்ஸ் கடையைப் பூட்டிவிட்டு, வழி நெடுகத் திட்டிக்கொண்டே போவேன்.

தீர்ப்புகள் இப்படி வரும்.

"சிலி. மொதல்ல நாவப்பழம், பெறகு நனைஞ்ச சாக்கு. பாஸ்."

"போர்ச்சுகல். அருவில குளிச்சிட்டு ஈரத்துண்டப் பையிலயே வச்சிட்டான். ஃபெயில்."

"அர்ஜென்டினா. மங்குஸ்தான் தோலக் கடிச்ச துவர்ப்பு. ஆனா பரோட்டா சால்னாவுக்கு இத அடிக்க ஆளில்ல. ஃபர்ஸ்ட் கிளாஸ்."

ஒருமுறை பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார். மதுரைப் பக்கத்து ஆள். காலையிலிருந்தே நல்ல மிதப்பு.

"என்னண்ணே, வாந்தியா?"

"இல்ல தம்பி. பரிசோதன."

"நல்லா இல்லையோ?"

"பிரமாதமா இருக்கு." சொல்லிவிட்டுப் படிக்கத்தில் துப்பினார் அண்ணாச்சி.

அந்த ஆள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நல்லாருக்குன்னு சொல்லிக்கிட்டே துப்புறீங்களேண்ணே! இந்தப் பாவம் சும்மா விடாதுண்ணே!" என்று படிக்கத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். அதை அவரிடமிருந்து பிடுங்குவதற்குள் எனக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது.

ஒயினோடு நின்றிருந்தால் நான் ஏன் வாயைத் திறக்கப்போகிறேன்? ரசம், மோர், சர்பத், எதை வாயில் வைத்தாலும் கொப்பளித்துத் துப்புகிற அளவுக்கு வியாதி முற்றிவிட்டது. அந்த நேரம் பார்த்துச் செண்பகாவுக்குச் சிவகிரியிலிருந்து சம்பந்தம் வந்தது. கூடப் படித்த பையன். அவளே மனதில் வைத்திருந்தவன். பையனின் அப்பா ரிட்டயர்டான போலீஸ் ஏட்டு.

எங்கள் பக்கம் சம்பந்தம் பேசப் போன வீட்டில் கை நனைத்தால், அதாவது ஒரு வாய் காப்பி குடித்தாலும், சம்மதம் என்று அர்த்தம். செண்பகா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"சித்தப்பா, அப்பா அங்கன துப்பிட்டா எல்லாம் போச்சு. எனக்கு இந்த மாப்பிள்ளய விட்டா வேற ஆளு வேண்டாம். நீங்கதான் பாத்துக்கிடணும்."

மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் அண்ணாச்சியிடம் கெஞ்சினேன். "விழுங்கிருங்க அண்ணாச்சி. கும்புடுதேன்."

"எனக்குத் தெரியாதாலே? சும்மா வா."

ஏட்டின் சம்சாரமே காப்பி கொண்டுவந்து கொடுத்தார். அண்ணாச்சி நிறம் பார்த்தார். மோந்தார். நான் அவர் காலை மிதித்தேன். ஒரு வாய் வாங்கிக் கொப்பளித்தார். எழுந்து போய் ஜன்னல் வழியே துப்பினார்.

நனைத்தால் சம்மதம். நனைக்காவிட்டால் யோசனை. நனைத்துத் துப்பினால் என்ன அர்த்தம் என்று எந்தப் பெரிய மனுசனும் சொல்லிவைத்துவிட்டுச் சாகவில்லை.

"என்ன வே, எங்க வீட்டுக் காப்பி கசக்கோ?" என்றார் ஏட்டு.

"கசப்பு குத்தமில்ல. தூள் அருமை. பால் அடிப்பிடிச்சிருக்கு. அத மறைக்கச் சீனிய அள்ளிப் போட்டிருக்கு."

என் உயிர் போனது. ஏட்டின் மீசை ஆடியது. அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கேட்டியாட்டி? கல்யாணம் ஆன நாள்லேருந்து நா கத்துதேன், பால் அடிப்பிடிக்குன்னு. என் நாக்குதான் செத்துப்போச்சுன்ன. இந்தா, சாட்சி வந்திருக்கு!"

அந்த அம்மா சிரிக்கவில்லை. விறுவிறுவென்று அடுப்படிக்குப் போனார். பாத்திரங்கள் உருண்டன. சிரித்தது போலீஸ்தான், தீர்ப்பு அடுப்படியில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் புது டம்ளரோடு வந்து, ஜன்னலை மறித்து நின்றார்.

"இப்பக் குடியுங்க."

அண்ணாச்சி ஒரு வாய் வாங்கினார். கன்னம் உப்பியது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம். ஜன்னலைப் பார்த்தார், வழியில்லை. என்னைப் பார்த்தார். நான் இரண்டு கையையும் கூப்பினேன். அவர் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. பிறகு மிச்சத்தையும் ஒரே மூச்சில் குடித்தார்.

"அமிர்தம், மதினி."

அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. "அப்பத் தட்ட மாத்திக்கிடுவோம்" என்றார்.

எனக்கும் அதே காப்பியில் ஒரு டம்ளர் வந்தது. இதிலும் பால் நன்றாக அடிப்பிடித்திருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். "அமிர்தமா அண்ணாச்சி?"

"பிள்ளைக்காகச் சொன்னதுலே. பொத்திக்கிட்டு வா."

செண்பகா இப்போது சிவகிரியில் நன்றாக இருக்கிறாள். எதிர்வீட்டில் அண்ணாச்சி மட்டும்தான். எனக்கு ஒயினும் பிடிக்காது, அவர் பேச்சும் பிடிக்காது. ஆனாலும் கடையைப் பூட்டியதும் நேரே அங்கேதான் போய் உட்காருகிறேன். நல்லா இருக்கு என்று அந்த மனுசன் சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தால் எனக்குச் சகிக்காது, அவ்வளவுதான்.