பேராசிரியருக்கு ஒரு நல்ல குறை வேண்டும்

தங்கள் குறைகளை மூடி மறைப்பவர்கள் ஒரு ரகம். அவர்களை உலகம் போதுமான அளவு திட்டித் தீர்த்துவிட்டது. நான் சொல்ல வந்தது வேறு ரகம். இவர்கள் தங்கள் குறையைக் குளிப்பாட்டி, தலைவாரி, பொட்டு வைத்து, சபை நடுவே கையைப் பிடித்து அழைத்து வருவார்கள். எல்லாத் தொழிலிலும் இவர்கள் உண்டு. ஆனாலும் கொழித்து வளர்வது பல்கலைக்கழகத்தில். அங்கேயும் முனைவர் பட்ட மாணவர்களுக்கு வாய்த்த நெறியாளர்களிடையே. அதிலும் மழை விடாத வட இங்கிலாந்தில், எங்கள் ஊரில்.

எப்படி அடையாளம் காண்பது? அவருடைய மின்னஞ்சலின் அடிப்பகுதியைப் பாருங்கள். பெயர், பெயருக்குப் பின் பட்டங்கள், பட்டங்களுக்குப் பின் பதவிகள், பதவிகளுக்குப் பின் அவர் உறுப்பினராக இருக்கும் குழுக்கள், எல்லாவற்றுக்கும் கீழே "வெள்ளிக்கிழமைகளில் நான் மின்னஞ்சல் பார்ப்பதில்லை" என்று ஓர் அறிவிப்பு. மற்ற நாட்களில் பார்க்கிறாரா என்று கேட்காதீர்கள். "நான் மாணவர்களுக்கு வழி காட்டுவதில்லை, அவர்களோடு கூடவே நடக்கிறேன்" என்பார். எந்தப் பக்கமாக நடக்கிறார் என்பதுதான் மாணவர்களுக்குத் தெரியாது.

பேராசிரியர் ரோலண்ட் ஹெப்பல் அப்படிப்பட்டவர். மலைமேட்டு ஆடுகளின் நடமாட்டம் பற்றி அவரைவிட அறிந்தவர் அந்த வட்டாரத்தில் கிடையாது. அவருக்குப் பேர் இருந்தது, அறை இருந்தது, அறைக்கு ஜன்னல்கூட இருந்தது. இல்லாதது ஒன்றுதான்: நெறியாளர் அங்கீகாரம். நல்ல நெறியாளர் என்று ஒரு குழு ஆராய்ந்து தரும் சான்றிதழ் அது. அதற்கு விண்ணப்பிக்கத் தன்னைப் பற்றித் தானே ஒரு கட்டுரை எழுத வேண்டும். கரும்பு தின்னக் கூலியா? ஒரே மூச்சில் எழுதி, ஏற்கெனவே அங்கீகாரம் வாங்கிவிட்ட சக பேராசிரியை பெவர்லியிடம் காட்டினார்.

"என்ன ரோலண்ட், மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் உன்னை நீயே மெச்சிக்கிட்டிருக்கே? இது வேலைக்கு ஆகாது."

"நல்லா செய்யறேன். நல்லா செய்யறேன்னுதானே எழுத முடியும்?"

"ஒரு தப்பு வேணும்ப்பா. நீ செஞ்ச தப்பு. அது உன் மனசை உலுக்கியிருக்கணும், அதுக்கப்புறம் நீ மாறியிருக்கணும். அது இல்லாம குழு திரும்பிக்கூடப் பாக்காது."

"நீ என்ன எழுதின?"

"என் ஸ்டூடண்ட் ஒருத்தி என் ரூம்லயே உக்காந்து அழுதுட்டா" என்றாள் பெவர்லி, பிள்ளை முதல் மார்க் வாங்கிய தாயைப் போல. "தேம்பித் தேம்பி."

ரோலண்டுக்கு வயிறு எரிந்தது. சிலருக்கு மட்டும் எல்லாம் தானாக அமைந்துவிடுகிறது.

குற்றம் பார்க்கின் சுற்றம் இல்லை என்பார்கள். தன்னிடமே குற்றம் பார்க்கக் கிளம்பியவருக்குக் குற்றமும் கிடைக்கவில்லை. குறை பெரியதாக இருந்தால் வேலை போகும், சிறியதாக இருந்தால் அங்கீகாரம் போகும். அளவாக, பார்க்க லட்சணமாக ஒன்று வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பாத்திரம் துடைத்துக்கொண்டே மனைவி ஹிலரியிடம் கேட்டார்.

"என்கிட்ட ஏதாவது குறை இருக்கா?"

"எந்த ரூம்லேர்ந்து ஆரம்பிக்கட்டும்?"

"வீட்டுக் குறை இல்ல. தொழில் சம்பந்தமா."

"யார் என்ன சொன்னாலும் நீ காதுல வாங்கமாட்டே."

"அது குறை இல்லியே, மனசை ஒருமுகப்படுத்தறது" என்று சொல்லிவிட்டு, இவளிடம் சரக்கு இல்லை என்று முடிவு கட்டினார்.

மிச்சமிருந்தது அவருடைய மாணவி மார்னி கிளெக்தான். அவளுக்கு இது கடைசிக் கோடை. உதவித்தொகை செப்டம்பரோடு நிற்கிறது. அவளுடைய ஆய்வேட்டின் உயிரே நாலாவது அத்தியாயத்தில் இருந்தது. ஆடுகளின் கணக்கு முழுவதும் அங்கேதான். அதை ஈஸ்டருக்கு முன்பே கொடுத்துவிட்டாள். "இந்த வாரக் கடைசியில பாத்துடறேன்" என்றார் ரோலண்ட். வாரங்களுக்குத்தான் கடைசி வந்துகொண்டே இருந்தது. அவளும் திங்கள்தோறும் "அவசரமில்லை" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்புவாள். எங்கள் ஊரில் அதற்கு வீடு பற்றி எரிகிறது என்று பொருள். ஜூன் மாதம் அவர் கூப்பிட்டனுப்பியதும், படித்துவிட்டார் என்று நம்பி, அத்தியாயத்தை அச்செடுத்துக்கொண்டு பேனாவும் கையுமாக ஓடிவந்தாள்.

"வாம்மா மார்னி, உக்காரு. ஒரு முக்கியமான விஷயம்."

"அத்தியாயம் பாத்துட்டீங்களா ரோலண்ட்?"

"அதுக்கு வரேன். மொதல்ல இதச் சொல்லு. என்கிட்ட என்ன குறை?"

எங்கள் பெண்களிடம் இதைக் கேட்பது கொடுமை. காலை மிதித்தவனிடம் தானே மன்னிப்புக் கேட்கப் பழகிய இனம்.

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணும் இல்லியே. நல்லாத்தான் பாத்துக்கறீங்க."

"அப்படிச் சொல்லித் தப்பிக்காதே. நடுத்தரமா ஒரு குறை இருந்தாலும் போதும்."

"சில சமயம்... கொஞ்சம் பிஸியா இருக்கீங்க."

"அது எல்லாருக்கும் உள்ளதுதான். வேற? தைரியமா சொல்லும்மா. என் எதிர்காலமே உன் கையில இருக்கு."

தன் எதிர்காலம் யார் கையில் இருக்கிறது என்று யோசித்தாளோ என்னவோ, மார்னியின் கழுத்து சிவந்தது.

"சரி, சொல்லிடறேன். நாலாவது அத்தியாயத்த நீங்க தொடவே இல்ல. அதுல இருக்கற கணக்கு சரியா தப்பான்னு தெரியாம அஞ்சாவதை எழுதிக்கிட்டிருக்கேன். ராத்திரி தூக்கம் வரல. வாராவாரம் அவசரமில்லன்னு எழுதறேனே, அவசரமில்லன்னா எழுதுவேனா?"

அவள் கண்ணில் நீர் முட்டி நின்றது. ரோலண்ட் அதைக் கவனித்தார். பெவர்லியின் மாணவி அளவுக்கு வராது. ஆனாலும் குறை சொல்வதற்கில்லை.

"பிரமாதம்!" என்று எழுந்தே விட்டார். "இதைத்தாம்மா தேடிக்கிட்டிருந்தேன். 'தூக்கம் வரல'ன்னு சொன்னியே, அதை அப்படியே போட்டுக்கட்டுமா?"

"போட்டுக்கோங்க. அத்தியாயம்?"

"இந்த வாரக் கடைசியில."

வாரக் கடைசியில் அவர் கட்டுரை எழுதினார். உள்ளதைச் சொல்ல வேண்டும். எழுதும்போது அவருக்குக் கண் கலங்கியது. நீலிக் கண்ணீர் அல்ல, நிஜக் கண்ணீர். ஓர் இளம்பெண் தன் உழைப்பைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது படிக்கமாட்டார்களா என்று காத்திருப்பதை வரி வரியாக எழுத எழுத, அந்தப் பாவி நெறியாளன்மேல் அவருக்கே ஆத்திரம் வந்தது. அவளுடைய அத்தியாயம் அதே கணினித் திரையின் ஓரத்தில் இருந்தது. கட்டுரை முடிந்ததும் மனம் லேசாகி, நிம்மதியாகத் தூங்கப் போனார்.

கட்டுரையை மார்னிக்கும் அனுப்பி, ஒரு பார்வை பார்க்கச் சொன்னார். அவள் ஒரே நாளில் வரி விடாமல் படித்துத் திருத்தி அனுப்பினாள். "அன்றே அந்த அத்தியாயத்தைப் படித்து முடித்தேன்" என்ற இடத்தில் மட்டும் "இது நடக்கலையே?" என்று ஓரத்தில் எழுதியிருந்தாள். ரோலண்ட் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"நடந்துடும்மா. குழு படிக்கறதுக்குள்ள நடந்துடும். ஆனா என்னமா திருத்தியிருக்கே! இவ்வளவு அக்கறையா யாரும் என் எழுத்தைப் படிச்சதே இல்ல."



அப்புறம் குழு, மாணவியிடமும் ஒரு கருத்துக் கேட்டது. மார்னி பொறுத்துப் பார்த்தாள், முடியவில்லை. அத்தியாயம் இன்னும் படிக்கப்படவில்லை என்று உள்ளது உள்ளபடி எழுதிவிட்டாள். என்ன ஆகியிருக்கும் என்கிறீர்கள்? "மாணவியே இத்தனை வெளிப்படையாகக் குறை சொல்லத் துணியும் அளவுக்கு நம்பிக்கையை வளர்த்திருக்கிறார்" என்று குழு புல்லரித்துப்போய், சிறப்புப் பாராட்டோடு அங்கீகாரம் அளித்தது. துறையில் எலுமிச்சை கேக் வெட்டினார்கள். பெவர்லிக்குக் கேக் இறங்கவில்லை. 'மாணவர் குரலுக்குச் செவிசாய்ப்பது எப்படி' என்று பேச ரோலண்டை ஊர் ஊராக அழைத்தார்கள். அந்தக் கோடை அதிலேயே போயிற்று.

செப்டம்பரில் மார்னி, யாரும் படிக்காத அத்தியாயத்தோடே ஆய்வேட்டைக் கொடுத்தாள். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் நாலாவது அத்தியாயத்தின் மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்தார். வேலி ஓட்டை வழியாகப் போன ஆடு திரும்பி வந்தபோது, அதை இன்னோர் ஆடாகக் கணக்கில் சேர்த்திருந்தாள். ஒரு தடவை கண்ணை ஓட்டியிருந்தால் ரோலண்டுக்குத் தட்டுப்பட்டிருக்கும். ஆட்டு விஷயத்தில் அவர் புலி. நாலாவது சரிந்தது, அதன்மேல் நின்ற ஐந்தாவதும் சரிந்தது. ஒரு வருஷம் கொடுத்து மறுபடி எழுதச் சொன்னார்கள். அந்த ஒரு வருஷத்துக்குச் சோறு யார் போடுவது என்று தேர்வாளர்கள் சொல்லவில்லை.

வெளியே நடையில் காத்திருந்த ரோலண்டைப் பார்த்ததும் மார்னி என்ன சொன்னாள் தெரியுமா?

"மன்னிச்சிடுங்க ரோலண்ட். நான்தான் கவனிக்கல. உங்க பேரையும் கெடுத்துட்டேன்."

அது அவரைக் குத்தியது. நிஜமாகவே குத்தியது. அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஈஸ்டருக்கு முன் வந்த அத்தியாயத்தைத் திறந்தார். மூன்றாம் பக்கத்துக்கு வந்ததுமே எல்லாம் தெரிந்துவிட்டது. தலையில் கை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பாவம், அவர் கெட்டவரே அல்ல. அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது: அங்கீகாரத்தைச் சில வருஷங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், புதுப்பிக்கும்போது முன்னதைவிட ஆழமான ஒரு குறை காட்ட வேண்டும். முகம் மெல்லத் தெளிந்தது. மார்னியின் அத்தியாயத்தை மூடிவிட்டு, வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்தார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்களுக்கு ஆடும் இல்லை, ஆய்வேடும் இல்லை. ஆனால் விருந்தாளிகள் வந்தால், "எனக்கு முன்கோபம் ஜாஸ்திங்க, அதுதான் என்கிட்ட இருக்கற ஒரே குறை" என்று காபியை ஆற்றிக்கொண்டே சொல்வீர்களே, எல்லோரும் உங்கள் பெரிய மனதை மெச்சுவார்களே? அந்த நேரம் உங்கள் வீட்டில் சிரிக்காமல் நிற்பவர் யார் என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.